எவர்டன் 2023-24: ஆடிச் சேர்த்தது 48, பட்டியலில் நிற்பது 40. கணக்கை யாராவது பிரித்துச் சொல்லுங்கள்

நீலச்சட்டை:

இங்கிலாந்துக் கால்பந்தின் ப்ரீமியர் லீக்கில் 2023-24 பட்டியலில் எவர்டன் 15-வது இடம், 40 புள்ளி. பக்கத்திலேயே 13 வெற்றி, 9 டிரா, 16 தோல்வி என்று இருக்கிறது. வெற்றிக்கு 3, டிராவுக்கு 1 என்று கூட்டினால் 48 வருகிறது. நிதி விதியை மீறியதற்காக 8 புள்ளியைப் பிடித்துக்கொண்டார்கள் என்பது வரைக்கும் தெரியும். அதற்குமேல்தான் குழப்பம்.

முதலில் 10 என்றார்கள், அப்புறம் 6 ஆனது, அப்புறம் இன்னொரு 2 சேர்ந்தது. அதே சீசனில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் எவர்டனைவிட அதிகத் தொகைக்கு மீறியும் 4 புள்ளிதான் இழந்தது. எந்த அளவுகோலில் இப்படி வந்தது? ஒரே சீசனில் ஒரே கிளப்பை இரண்டு முறை தண்டிக்க விதி எப்படி இடம் கொடுத்தது?

இரண்டாவது விஷயம் ஆட்டம் பற்றியது. 40 கோல் மட்டுமே அடித்த அணி 48 புள்ளி எடுத்தது எப்படி? நடுவில் 13 லீக் ஆட்டம் வெற்றியே இல்லாமல் போனதற்குப் புள்ளி பிடித்ததுதான் காரணமா, வேறு ஏதாவதா? பட்டியல், தேதியோடு சொன்னால் நன்றாக இருக்கும்.

---

வரவுசெலவு:

நிதிப் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். ஆட்டத்தைப் பற்றி இங்கே என்னைவிட நன்றாகச் சொல்ல ஆள் இருக்கிறார்கள்.

அந்த சீசனில் இருந்த விதியின் சுருக்கப் பெயர் பி.எஸ்.ஆர். மூன்று நிதியாண்டுகளைச் சேர்த்துப் பார்த்து, கிளப்பின் நஷ்டம் 105 மில்லியன் பவுண்டைத் தாண்டக் கூடாது. அதாவது ஆண்டுக்கு 35. இதில் பலரும் கவனிக்காத ஒன்று: இந்த 105 முழுதும் சும்மா கிடைக்கிற சலுகை இல்லை. 15 மில்லியனுக்கு மேல் வரும் நஷ்டத்தை உரிமையாளர் பங்கு முதலீடு போன்ற உறுதியான பணத்தால் அடைக்க வேண்டும். கடன் கொடுத்து அடைத்ததாகக் காட்ட முடியாது. சாம்பியன்ஷிப்பில் (இரண்டாம் டிவிஷன்) ஆடிய ஆண்டு இருந்தால் அந்த ஆண்டுக்கு வரம்பு 13 மட்டும்.

நஷ்டம் என்றால் வெளியிட்ட கணக்கில் இருக்கும் அதே எண் கிடையாது. அகாடமி, பெண்கள் அணி, சமூகப் பணி, ஸ்டேடியம் மாதிரியான சொத்துகளின் தேய்மானம், இவற்றுக்கான செலவைக் கழித்துவிட்டுத்தான் பார்ப்பார்கள். அதனால்தான் பெரிய நஷ்டம் காட்டும் கிளப்பும் சில சமயம் விதிக்குள் இருக்கும். கோவிட் காலத்துக்காக 2019-20, 2020-21 இரண்டையும் சராசரி எடுத்து ஒரே ஆண்டாகக் கணக்கில் வைத்தார்கள்.

வீரர் வாங்கும் கணக்கு எப்படி என்று தெரியாமல் இந்த விதி புரியாது. 40 மில்லியனுக்கு ஒருவரை 5 ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்கினால் ஆண்டுக்கு 8 மில்லியன் செலவாக எழுதுவார்கள். மூன்று ஆண்டு கழித்து அவருடைய ஏட்டு மதிப்பு 16. அப்போது 30-க்கு விற்றால் 14 மில்லியன் லாபம், அதுவும் முழுதாக அந்த ஆண்டிலேயே. 12-க்கு விற்றால் 4 மில்லியன் நஷ்டம். அகாடமியில் வளர்ந்தவருக்கு ஏட்டு மதிப்பு பூஜ்யம், ஆகவே விற்ற தொகை அத்தனையும் லாபம். சொந்த ஊர்ப் பையன்களை முதலில் விற்கச் சொல்லி இந்த விதி கிளப்புகளைத் தள்ளுகிறது என்ற கோபத்துக்கு அடிப்படை இதுதான். அந்தக் கோபம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன்.

எவர்டனுக்கு எங்கே இடித்தது என்றால், வாங்கிய பலர் ஒப்பந்தம் முடியும்வரை இருந்துவிட்டோ, வாங்கிய விலைக்குப் பக்கத்தில்கூட வராத தொகைக்கோ போனார்கள். ஆண்டுச் செலவு ஓடியது, விற்பனை லாபம் வரவில்லை, சம்பளம் மட்டும் இறங்கவில்லை. அதோடு பிராம்லி-மூர் டாக்கில் புது ஸ்டேடியம் கட்டும் செலவு. அந்தச் சமயத்தில் வாங்கிய கடனின் வட்டியை ஸ்டேடியச் செலவாகக் காட்டி விலக்கிவிடலாம் என்று கிளப் வாதாடியது. வழக்கை விசாரித்த ஆணையம் கடன் ஒப்பந்தங்களைப் பார்த்தது. அவை ஸ்டேடியத்துக்கென்று வாங்கிய கடன் அல்ல, கிளப்பின் நடைமுறைச் செலவுக்கு வாங்கியவை என்று முடிவு செய்தது. வட்டி நஷ்டத்திலேயே தங்கிவிட்டது.

முடிவு: 2021-22 வரைக்குமான காலத்தில் நஷ்டம் 124.5 மில்லியன். வரம்பு 105. மீறல் 19.5.

---

மெர்சிக்கரை:

மேலே சொன்னதோடு சேர்த்துத் தண்டனையின் கணக்கு.

2023 நவம்பர் 17: சுயேச்சை ஆணையம் 10 புள்ளி பிடித்தது. ப்ரீமியர் லீக் வரலாற்றில் அதற்கு முன் இவ்வளவு பெரிய பிடித்தம் கிடையாது. அன்றைக்கு 12 ஆட்டத்தில் 14 புள்ளி, 14-வது இடம். ஒரே நாளில் 4 புள்ளி, 19-வது இடம்.

2024 பிப்ரவரி 26: மேல்முறையீட்டில் 6 ஆகக் குறைந்தது. கிளப் 9 காரணங்களை வைத்தது, 2 மட்டும் ஏற்கப்பட்டன. ஒன்று, ஸ்டேடியக் கடன் விஷயத்தில் கிளப் லீக்கிடம் ஒளிவுமறைவாக நடந்தது என்று ஆணையம் எழுதியது தவறு என்பது. மற்றது, ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் இருந்த அளவுகோல்களை ஆணையம் பார்க்கவில்லை என்பது. இந்த இரண்டாவதுதான் எடை உள்ளது. கடனில் மூழ்கி நிர்வாகி கைக்குப் போகும் கிளப்புக்கே ப்ரீமியர் லீக் விதியில் பிடித்தம் 9. வரம்பை 19.5 மில்லியன் தாண்டியதற்கு அதைவிட அதிகமாக 10 என்றால் எப்படிப் பொருந்தும்? கீழ் டிவிஷன்களை நடத்தும் இ.எஃப்.எல். வைத்திருக்கும் வழிகாட்டு அளவையும் எடுத்துப் பார்த்து 6-ல் நிறுத்தினார்கள். இதில் பட்டியல் நிலை 21 புள்ளியிலிருந்து 25, 17-லிருந்து 15-வது இடம்.

2024 ஏப்ரல் 8: இரண்டாவது வழக்கு, 2022-23 வரைக்குமான காலம், மீறல் 16.6 மில்லியன். 5 புள்ளியில் தொடங்கினார்கள். அதே சீசனில் ஏற்கெனவே தண்டித்தாகிவிட்டது, இரண்டு காலமும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன என்பதற்காக 2 கழித்தார்கள். ஆரம்பத்திலேயே மீறலை ஒப்புக்கொண்டதற்கும், ரஷ்யத் தொடர்புள்ள ஸ்பான்சர் வருமானம் நின்றதற்கும் சேர்த்து இன்னொன்று. மீதி 2. கிளப் முதலில் மேல்முறையீடு செய்து, அணி தப்பித்தது உறுதியான பிறகு மே மாதம் திரும்பப் பெற்றது.

'ஒரே சீசனில் இரண்டு முறை எப்படி' என்ற கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. மூன்று ஆண்டுக் கணக்குக் காலம் ஆண்டுதோறும் ஒரு படி நகர்கிறது. முதல் வழக்கில் இருந்த மூன்று பங்கில் இரண்டு (கோவிட் சராசரியும் 2021-22-ம்) இரண்டாவது வழக்கிலும் இருந்தன. பழைய நடைமுறையில் முதல் வழக்கு மெதுவாக நகர்ந்து 2023 நவம்பரில் முடிந்தது. 2023-24 முதல் புது விரைவு நடைமுறை: டிசம்பர் 31-க்குள் கணக்கு, 14 நாளுக்குள் குற்றச்சாட்டு, சீசனுக்குள்ளேயே தீர்ப்பு. எவர்டன், ஃபாரஸ்ட் இரண்டின் மீதும் 2024 ஜனவரி 15 அன்று குற்றச்சாட்டு வந்தது அப்படித்தான். பழைய வண்டியும் புது வண்டியும் ஒரே சீசனில் வந்து மோதின. விதி எழுதியவர்கள் இதை முன்பே பார்த்திருக்க வேண்டும்.

ஃபாரஸ்ட் கணக்கு: மூன்று ஆண்டில் இரண்டு சாம்பியன்ஷிப், ஒன்று ப்ரீமியர் லீக். 13 + 13 + 35 = 61 மில்லியன் வரம்பு. மீறல் 34.5. மீறலுக்கு 3, அளவுக்கு 3, ஆக 6. முழு ஒத்துழைப்புக்கும் உடனே ஒப்புக்கொண்டதற்கும் 2 கழித்து 4. மார்ச் 18-ல் தீர்ப்பு வந்தபோது 25 புள்ளி 21 ஆகி, லூட்டனுக்கு ஒரு புள்ளி கீழே 18-வது இடத்துக்கு விழுந்தார்கள். அவர்களின் மேல்முறையீடு மே மாதம் தள்ளுபடி.

ஃபாரஸ்ட் சறுக்கிய இடம் தேதி. நிதியாண்டு ஜூன் 30-ல் முடிகிறது. அகாடமியிலிருந்து வந்த பிரென்னன் ஜான்சனை நல்ல விலைக்காகக் காத்திருந்து, 2023 செப்டம்பர் 1 அன்று டாட்டன்ஹாமுக்கு விற்றார்கள். விலை கூடியது, ஆனால் வருமானம் அடுத்த ஆண்டுக் கணக்கில் போய் விழுந்தது. 'இரண்டு மாதம்தானே தள்ளிப்போனது, நல்ல விலைக்கு விற்றது கிளப்புக்கு நல்லதுதானே' என்ற வாதத்தை ஆணையம் ஏற்கவில்லை. ஜூன் கடைசி வாரத்தில் கிளப்புகள் ஒன்றுக்கொன்று இளம் வீரர்களை அவசரமாக விற்று வாங்கியதைப் பார்த்தோமே, காரணம் இந்தத் தேதிதான்.

---

நீலச்சட்டை:

மிக்க நன்றி, ஃபாரஸ்ட் 61 என்பது இப்போதுதான் புரிந்தது. நான் 105-ஐ வைத்தே ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஆட்டத்தைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள். நவம்பரில் 10 புள்ளி போன பிறகு நான்கு ஆட்டம் தொடர்ச்சியாக வென்றார்கள் என்று படித்தேன். அப்படியானால் தண்டனை அணியைச் சாய்க்கவில்லை. பிறகு ஏன் 13 ஆட்டம் வெற்றி இல்லை?

---

பின்வரிசை:

தண்டனை அணியைச் சாய்க்கவில்லை என்பது சரி. தேதி வரிசையைப் பாருங்கள். நவம்பர் 26-ல் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் சொந்த மண்ணில் 0-3. அதற்கப்புறம் ஃபாரஸ்ட் 1-0, நியூகாசில் 3-0, செல்சி 2-0, பர்ன்லி 2-0. நான்கு வெற்றி, 8 கோல், வாங்கியது பூஜ்யம். டிசம்பர் 16-லேயே 10 புள்ளியையும் மீட்டு மேலே 2 சேர்த்துவிட்டார்கள்.

இந்த அணியின் பலம் எங்கே என்பதை ஒரே எண் சொல்லும்: வாங்கிய கோல் 51. அந்த சீசனில் இதைவிடக் குறைவாக வாங்கியவை ஆர்சனல், மான்செஸ்டர் சிட்டி, லிவர்பூல் மூன்றும்தான். அதிலும் ஏப்ரல் 15-ல் செல்சியிடம் ஒரே இரவில் 6 வாங்கியதைத் தள்ளிவிட்டால் மீதி 37 ஆட்டத்தில் 45. கோல்கீப்பர் பிக்ஃபோர்டுக்கு 13 க்ளீன் ஷீட் (கோல் வாங்காத ஆட்டம்). அடித்த கோலில் எதிர்முனை. 40-க்குக் கீழே ஷெஃபீல்ட் யுனைடெட்டின் 35 மட்டும்தான். 12 ஆட்டத்தில் கோலே இல்லை.

மேலாளர் ஷான் டைச் அணியை நிறுத்திய விதம் 4-4-1-1. டார்கோவ்ஸ்கி, பிரான்த்வெயிட் இருவரும் நடுவில், பெனால்ட்டி பெட்டியின் அகலத்தைவிட்டு வெளியே போகவே மாட்டார்கள். இடது பக்கம் மிகோலென்கோவும் வலது பக்கத்து ஃபுல்பேக்கும் உள்ளே ஒடுங்கி நிற்பார்கள், விங்கர்கள் மெக்நீலும் ஹாரிசனும் இறங்கி வந்து பக்கவாட்டை அடைப்பார்கள். எதிரணி பக்கவாட்டிலிருந்து கிராஸ் போடட்டும், தலையால் அடித்து வெளியேற்றுவோம் என்பதுதான் திட்டம். பிரான்த்வெயிட் இடதுகாலர், உயரமும் உண்டு, ஓட்டமும் உண்டு. பின்னால் விட்டுக்கொடுத்த இடத்தை அவர் ஓடி மூடுவதால்தான் டார்கோவ்ஸ்கி தைரியமாக முன்னேறிப் பந்தைப் பறிக்க முடிந்தது.

முன்னால் கால்வர்ட்-லூவின் தனியாக. பிக்ஃபோர்டின் நீண்ட உதையை அவர் தலையில் வாங்குவார், விழும் பந்துக்கு டூகூரே ஓடி வருவார். எல்லாரும் கவனிக்காத ஆள் டூகூரேதான். ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் நின்றாலும் அவர் பந்தை வைத்து ஆடும் பத்தாம் நம்பர் கிடையாது. பந்து இல்லாதபோது எதிரணியின் மிட்ஃபீல்டரை மூடுவதும், பந்து வந்ததும் பெட்டிக்குள் பாய்வதும் அவர் வேலை. லீக்கில் 7 கோல், அதில் 6 டிசம்பர் 10-க்குள் வந்துவிட்டன. அன்றைய செல்சி ஆட்டத்தில் தொடைத் தசைப் பிடிப்பால் வெளியேறினார், அதன் பிறகு பல ஆட்டங்கள் இல்லை. 13 ஆட்ட வறட்சி அடுத்த இரண்டு வாரத்துக்குள் தொடங்குவதற்கு முதல் காரணம் இது.

இரண்டாவது, கால்வர்ட்-லூவின். அக்டோபர் 29-ல் வெஸ்ட் ஹாமில் அடித்த பிறகு அவருடைய அடுத்த லீக் கோல் ஏப்ரல் 2-ல் நியூகாசிலில் பெனால்ட்டி. இடையில் ஐந்து மாதம். வாய்ப்பு வராமல் இல்லை. உருவாக்கிய வாய்ப்பின் தரத்துக்கும் அடித்த கோலுக்கும் பெரிய இடைவெளி இருந்த அணிகளில் எவர்டனும் ஒன்று. முதல் ஆட்டத்திலேயே தெரிந்தது: ஃபுல்ஹாமுக்கு எதிராக வாய்ப்பு மேல் வாய்ப்பு, முடிவு 0-1.

மூன்றாவது காரணம் அட்டவணை. அந்த 13-ல் மான்செஸ்டர் சிட்டி இரண்டு முறை, டாட்டன்ஹாம் இரண்டு முறை, ஆஸ்டன் வில்லா, மான்செஸ்டர் யுனைடெட். 13 ஆட்டத்தில் அடித்தது 9, வாங்கியது 22, டிரா 6.

---

கார்னர்கொடி:

பின்வரிசை சொன்னதில் ஒன்று விட்டுப்போனது: செட் பீஸ். திறந்த ஆட்டத்தில் கோல் வராத அணிக்கு கார்னரும் ஃப்ரீ கிக்கும்தான் சாப்பாடு. மெக்நீலோ கார்னரோ உள்வளைவாகக் கோலியின் (கோல்கீப்பர்) ஆறு கஜப் பெட்டிக்குள் இறக்குவார்கள் (வீரரின் பெயரே கார்னர் என்பதால் குழப்பம், ஜேம்ஸ் கார்னரைச் சொல்கிறேன்). இரண்டு பேர் கோலிக்கு முன்னால் நிற்பார்கள், அவர் கை நீட்ட வழி இருக்காது. டார்கோவ்ஸ்கியும் பிரான்த்வெயிட்டும் பெட்டியின் விளிம்பிலிருந்து ஓடி வருவார்கள், நின்ற இடத்தில் குதிக்க மாட்டார்கள். ஒருவர் பின் போஸ்ட்டில் காத்திருந்து, நீண்டு போகும் பந்தைத் தலையால் மறுபடி நடுவுக்குத் திருப்புவார். பிரென்ட்ஃபோர்டில் டார்கோவ்ஸ்கி, பர்ன்லியில் ஒனானா, ஏப்ரல் 24 டர்பியில் (லிவர்பூலுடனான உள்ளூர் ஆட்டம்) கால்வர்ட்-லூவின், மூன்றும் கார்னரில் தலையால் வந்த கோல்கள்.

இதில் என்ன தவறும் என்றால், உயரமான ஆட்கள் எல்லாரும் மேலே போய்விடுவதால் பந்து சிதறியதும் திரும்பி ஓட வேகமானவர்கள் இருப்பதில்லை. அதனால் எப்போதும் இரண்டு பேரை நடுக்கோட்டுக்கு அருகில் விட்டுவைப்பார்கள். அதே சமயம் தங்கள் ஆயுதம் தங்கள் மேலேயே திரும்பிய நாளும் உண்டு. செப்டம்பர் 30-ல் எவர்டனின் சொந்த மைதானமான குடிசனில் லூட்டன் 2-1 என்று வென்றது, இரண்டு கோலும் செட் பீஸிலிருந்து. சாம்பியன்ஷிப்பிலிருந்து ஏறி வந்த அணியிடம் அப்படித் தோற்றதுதான் அந்த சீசனின் மோசமான மதியம் என்பேன், 0-6-ஐவிட மோசம். ஏனென்றால் செல்சியிடம் தோற்பது எதிர்பார்த்த ஒன்று, லூட்டன் நேரடிப் போட்டியாளர்.

வறட்சிக்கு 'டூகூரே இல்லை' என்பது மட்டும் போதாது என்பது என் கருத்து. கடைசி நிமிடங்களைப் பாருங்கள். பிப்ரவரி 24, பிரைட்டன்: 73-வது நிமிடம் பிரான்த்வெயிட் அடித்து முன்னிலை, கூடுதல் நேரத்தில் டங்க் சமன் செய்தார். மார்ச் 2, வெஸ்ட் ஹாம்: முதல் பாதியில் பீட்டோவின் பெனால்ட்டியை அரியோலா தடுத்தார், 90 நிமிடம் முடிந்தபோது 1-1, கூடுதல் நேரத்தில் இரண்டு வாங்கி 1-3. மார்ச் 30, போர்ன்மத்: 87-ல் பீட்டோ சமன் செய்தார், 91-ல் கோல்மனின் சொந்த கோல். மூன்று ஆட்டத்தில் 4 புள்ளி கடைசி நிமிடங்களில் கைநழுவியது. எதிர்த்திசையில் கிடைத்தது டாட்டன்ஹாமுக்கு எதிராக பிரான்த்வெயிட் கூடுதல் நேரத்தில் அடித்த சமன் கோலால் 1 புள்ளி.

ஏன் கடைசியில் விழுகிறது? பெஞ்ச் (மாற்று வீரர்கள்) மெலிதாக இருந்ததுதான். மேலே வரவுசெலவு சொன்ன கணக்கு இங்கே களத்தில் இறங்குகிறது. 2023 கோடையில் இவோபியையும் டெமாரை கிரேயையும் விற்றார்கள். வந்ததில் ஹாரிசனும் டான்ஜூமாவும் வேறு கிளப்பிலிருந்து இரவலாக வந்தவர்கள், ஆஷ்லி யங் ட்ரான்ஸ்ஃபர் தொகை இல்லாமல் வந்தவர், வயது 38. நாலு பின்வரிசை, நாலு நடுவரிசை முழு ஆட்டமும் ஒடுங்கி ஓடும் முறையில் 70-வது நிமிடத்துக்கு மேல் புதுக் கால் இரண்டு மூன்று வேண்டும். அது இல்லாவிட்டால் வரிசை மெல்லப் பின்வாங்கிப் பெட்டிக்குள் போய்விடும், இரண்டாவது பந்து எல்லாம் எதிரணிக்குப் போகும்.

---

பின்வரிசை:

ஒப்புக்கொள்கிறேன், பெஞ்சை நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதே மெலிந்த பெஞ்சோடுதான் ஏப்ரலில் தப்பித்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 6, பர்ன்லி 1-0. பர்ன்லி கோலி முரிச் உதைத்த பந்தை கால்வர்ட்-லூவின் பாய்ந்து மறித்தார், அது அப்படியே வலைக்குள் போனது. 13 ஆட்ட வறட்சியை முடித்த கோல் அது. இரண்டு நாளில் 2 புள்ளி பிடித்தம், 27-க்கு இறங்கி, 18-வது இடத்திலிருந்த லூட்டனைவிட இரண்டே புள்ளி மேலே. அடுத்த வாரம் 0-6. மனம் உடைய வேண்டிய இடம்.

அங்கிருந்து ஏழு நாளில் மூன்று ஆட்டம், மூன்றும் குடிசன் பார்க்கில். 21-ம் தேதி ஃபாரஸ்ட் 2-0, கெயேயும் மெக்நீலும். பெனால்ட்டி தரவில்லை என்று ஃபாரஸ்ட் பெரிய சண்டை பிடித்த ஆட்டம். 24-ம் தேதி லிவர்பூல் 2-0, பட்டம் துரத்திக்கொண்டிருந்த அணி. 27-வது நிமிடம் ஃப்ரீ கிக்கைத் தொடர்ந்த நெரிசலில் பிரான்த்வெயிட், 58-ல் மெக்நீல் கார்னருக்கு கால்வர்ட்-லூவின். குடிசனில் டர்பியை வென்றது 2010 அக்டோபருக்குப் பிறகு அதுவே முதல் முறை. 27-ம் தேதி பிரென்ட்ஃபோர்ட் 1-0, கெயே. 36 புள்ளி. அன்று லூட்டனும் வுல்வ்ஸிடம் தோற்றது. லூட்டன் 25, கையில் மூன்று ஆட்டம், அதிகபட்சம் 34. ஆட்டம் முடிந்தது, எவர்டன் தப்பியது.

சொந்த மண்ணில் கடைசி ஐந்து ஆட்டமும் வெற்றி, ஐந்திலும் கோல் வாங்கவில்லை: பர்ன்லி, ஃபாரஸ்ட், லிவர்பூல், பிரென்ட்ஃபோர்ட், ஷெஃபீல்ட் யுனைடெட். ஐந்திலும் சேர்த்து அடித்தது 7 கோல்தான், எடுத்தது 15 புள்ளி. 40 கோலில் 48 புள்ளி எப்படி என்று கேட்டீர்களே, பதில் இந்த ஐந்து ஆட்டத்தில் இருக்கிறது. சீசன் முழுவதும் எவர்டன் வென்ற 13-ல் 11 ஆட்டத்தில் எதிரணிக்கு கோலே இல்லை.

---

நீலச்சட்டை:

கடைசியாக ஒன்று. பிடித்தமே இல்லாவிட்டால் எத்தனையாவது இடம்? 10 புள்ளி அப்படியே நின்றிருந்தால் கீழே போயிருப்பார்களா?

---

வரவுசெலவு:

48-ல் போர்ன்மத், பிரைட்டன் இரண்டும் இருந்தன. கோல் வித்தியாசம் பிரைட்டனுக்கு -7, எவர்டனுக்கு -11, போர்ன்மத்துக்கு -13. ஆகவே 12-வது இடம். நிஜத்தில் 15. அந்த சீசனில் ஒரு இடத்துக்கான பரிசுப் பணம் சுமார் 2.8 மில்லியன் பவுண்டு. மூன்று இடம் என்றால் எட்டு மில்லியனுக்கு மேல் போனது. நஷ்டத்துக்காகத் தண்டிக்கப்பட்ட கிளப்பின் அடுத்த கணக்கிலும் அந்தத் தொகை குறைகிறது என்பதைக் கவனியுங்கள்.

10-ம் 2-ம் சேர்ந்து 12 போயிருந்தாலும் 36. லூட்டன் முடித்தது 26, பர்ன்லி 24, ஷெஃபீல்ட் யுனைடெட் 16. ஃபாரஸ்ட் 4 இழந்தும் 32. கடைசிக் கணக்கில் பிடித்தம் எதுவும் யார் கீழே போவது என்பதை மாற்றவில்லை. அந்த மூன்றும் முந்தைய கோடையில்தான் ஏறி வந்தவை. ஏறிய மூன்றும் உடனே இறங்கியது 1997-98-க்குப் பிறகு அப்போதுதான். இன்னொரு சீசனாக இருந்து 18-வது அணி 35, 36 எடுத்திருந்தால் கதை நீதிமன்றம் வரை போயிருக்கும்.

பழைய பட்டியல்களை வைத்து ஒப்பிடுகிறவர்களுக்கு ஒரு வேலை முறை: நவம்பர் 17 முதல் பிப்ரவரி 26 வரை எவர்டனோடு 10 கூட்டுங்கள், அங்கிருந்து ஏப்ரல் 8 வரை 6, அதற்குப் பிறகு 8. ஃபாரஸ்டோடு மார்ச் 18 முதல் 4. அப்படிச் செய்தால்தான் ஒவ்வொரு வாரமும் களத்தில் யார் எங்கே இருந்தார்கள் என்பது தெரியும்.